கல் பங்களாவுக்கு எதற்குத் தகவமைப்பு?

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு கருத்தரங்கப் பேனர்: ‘பாரம்பரியக் கட்டடங்களின் தகவமைப்பு மறுபயன்பாடு’. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “காலி பாட்டிலைத் திருப்பிக் குடுக்கச் சொல்றாங்களா தம்பி?” என்றார். இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இந்தத் தொடர் கண்ணில் படுகிறது.

மூலம் ‘அடாப்டிவ் ரீயூஸ்’. லத்தீனில் ‘ஆப்டஸ்’ என்றால் பொருந்திய என்று பொருள். பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறொரு தேவைக்குப் பொருந்தும்படி மாற்றிக்கொள்வது, அவ்வளவுதான்.

தகவமைப்பு உயிரியல் பாடத்துச் சொல். கள்ளியின் இலை முள்ளானது தகவமைப்பு. கட்டடத்துக்கு அப்படித் தானாக எதுவும் முளைக்காது, கொத்தனார் வர வேண்டும். சரி, மறுபயன்பாடு? பெரியவருக்குப் பாட்டில் ஞாபகம் வந்ததில் தப்பே இல்லை. ஊட்டி ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மரம். அது மறுபயன்பாடு. மரம் பிழைத்தது, அரண்மனை போய்விட்டது. ஊட்டியிலேயே இருக்கிற கல் பங்களா கதை வேறு. 1822-இல் கலெக்டர் ஜான் சல்லிவன் தனக்காகக் கட்டத் தொடங்கிய வீடு, பின்னால் அரசாங்க அலுவலகமானது, 1955-இல் அரசு கலைக் கல்லூரி வந்தது. சுவர் அதே இடத்தில் நிற்கிறது, புழங்குகிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

புழங்குகிற! கையிலேயே சொல் இருக்கிறது: மாற்றுப் புழக்கம். பூட்டிக் கிடந்த வீட்டைச் சரிசெய்து வீடாகவே குடியேறினால் மறுபுழக்கம். வீடு கல்லூரியானால் மாற்றுப் புழக்கம். ‘புழக்கம் கொச்சையாக இருக்கிறதே’ என்றார் மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர். புழக்கத்தில் உள்ள ரூபாய் நோட்டு என்று பத்திரிகைகள் எழுதும்போது கொச்சையாகத் தெரியவில்லையா? அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து, ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்று என்று ஒட்டவைப்பதுதான் இப்போது மொழிபெயர்ப்பு. கட்டடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை.

அதே பேனரில் கீழ்வரி: ‘நிலையான நகர்ப்புறத் திட்டமிடல்’. ‘சஸ்டைனபிள்’ என்பதைத்தான் ‘நிலையான’ ஆக்கியிருக்கிறார்கள். எது நிலையாக நிற்க வேண்டும், நகரமா, திட்டமா? ஒரு கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பினால் சிமெண்டும் மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலையேற வேண்டும். நிற்கிற கல் சுவருக்கு அந்தச் செலவு எப்போதோ முடிந்துவிட்டது. ‘வளம் காக்கும்’ என்று போட்டிருந்தால் இது பாதியாவது புரிந்திருக்கும். பெரியவர் அந்த வரியைப் படிக்கவே இல்லை, டீ ஆறிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.