அந்தரங்க சுத்தி: தமிழில் எப்படிச் சொல்வது?

‘அந்தரங்க சுத்தியோடு சொல்கிறேன்’ என்று மேடையில் ஒருவர் ஆரம்பித்தால், வயதில் மூத்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். ‘என் மனசில் வேறு கணக்கு எதுவும் இல்லை, நம்புங்கள்’ என்கிறார். இருபது வயதுக்காரருக்கோ அது ஏதோ சோப்பு விளம்பரம் மாதிரி காதில் விழும். அந்தரங்கம் என்ற சொல்லை வார இதழ்களின் டாக்டர் கேள்வி-பதில் பக்கங்கள் படுக்கையறையில் கொண்டுபோய் விட்டுவிட்டன. பழைய எழுத்துகளில் ‘அந்தரங்கக் காரியதரிசி’ எந்தச் சங்கடமும் இல்லாமல் நடமாடுவார். இன்று அப்படியொரு பெயர்ப்பலகையை அறை வாசலில் மாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

இது வடசொல். அந்தர் என்றால் உள், அங்கம் உறுப்பு. உள்ளுறுப்பு என்பதுதான் நேர்ப்பொருள். யோக சூத்திரம், யோகத்தின் எட்டு அங்கங்களில் கடைசியான தாரணை, தியானம், சமாதி மூன்றையும், அவற்றுக்கு முந்தைய ஐந்து அங்கங்களோடு ஒப்பிட்டு ‘அந்தரங்கம்’ என்கிறது. அங்கே ரகசியம் என்ற வாடையே கிடையாது. உள்ளே இருப்பது, நெருக்கமானது, பிறர் அறியாதது என்று பொருள் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. இதற்கு எதிர்ச்சொல் பகிரங்கம். அதிலுள்ள ‘பகிர்’, வெளி என்று பொருள்படும் வடசொல். நாம் சோற்றையும் செய்தியையும் பகிர்கிறோமே, அந்தப் ‘பகிர்’ வேறு. சுத்தி, சுத்தம் என்பதன் உறவுக்காரச் சொல். ஆணி அடிக்கிற சுத்திக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சொல்லை விடுவோம், கருத்து பழையது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது வேலைகளைப் பார்க்கும் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்பவை. வாரியத்துக்கு வருகிறவருக்கு ‘அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும்’ இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு தகுதி. பொருளிலும் சுத்தம், உள்ளத்திலும் சுத்தம். (ரயில் பெட்டியில் இந்தியில் ‘சௌசாலய’ என்று எழுதியிருப்பதும் இதே சௌசம்தான். சொற்களின் தலையெழுத்து அப்படி.)

பொருள் சுத்தத்தைச் சோதிக்க வழி இருந்தது. முன்பு வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. ஆத்ம சௌசத்தை எப்படி அளப்பது? அதற்குக் கல்வெட்டில் அளவுகோல் எதுவும் இல்லை. ஆனால் குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கலில் ஆளை எடுக்கும் முறையைப் பாருங்கள். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் (வட்டங்களிலிருந்தும்) பெயர் எழுதிய ஓலைக் கட்டுகள் குடத்தில் விழும். கோயில் நம்பிமாரில் (அர்ச்சகர்களில்) மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி அந்தக் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்கும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் (சபையின் நடுவர்) ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். அவர் வாசித்தபின் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். உள்ளம் சுத்தமா என்று பார்க்க முடியாது. உள்ளங்கை சுத்தமா என்று பார்க்கலாம். நிலமுள்ள பிராமணர்கள் மட்டுமே அமர்ந்த சபை அது. ஊர் முழுவதற்குமான சபை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் அந்த விரித்த விரல்களை எழுதி வைத்தவர் மனிதர்களை நன்றாக அறிந்தவர்.

இனி தமிழ்ச் சொல். அகராதி வழியில் போனால் உள்ளத்தூய்மை, மனத்தூய்மை, அகத்தூய்மை எல்லாம் கிடைக்கும். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் மூலச்சொல்லின் கோளாறும் கூடவே வந்துவிடுகிறது. ‘என் உள்ளம் தூய்மையானது’ என்பதற்குச் சொல்கிறவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வள்ளுவர் இந்த இடத்தில் கவனமாக இருக்கிறார்: அகந்தூய்மை ‘வாய்மையால் காணப்படும்’ (குறள் 298). தானாகத் தெரியாது, பேச்சின் வழியாகத்தான் தெரியும்.

வெளிப்படைத்தன்மை என்பது டெண்டருக்கும் தணிக்கை அறிக்கைக்கும் பொருந்துகிற சொல். ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னால் அலுவலக வாசனை அடிக்கும். ‘உள்நோக்கம்’ இன்னும் வேடிக்கை. சொல்லளவில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ‘என் உள்நோக்கம் இதுதான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? எப்போதும் அடுத்தவர் மீது எறிகிற கல்லாகவே அது இருக்கிறது.

என் தேர்வு கரவின்மை. கரத்தல் என்றால் மறைத்தல், அதிலிருந்து கரவு. ‘களவறிந்தார் நெஞ்சில் கரவு’ (288) என்று அதற்கு இடம் காட்டுகிறது குறள். பெட்டியிலோ மடியிலோ ஒளிப்பதல்ல, நெஞ்சில் இருப்பது. நோக்கத்தை மறைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சுற்றந்தழால் அதிகாரத்தில், அதாவது தன்னவர்களைச் சேர்த்து வைத்துக்கொள்வது பற்றிய இடத்தில், ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ (527) என்று வருகிறது. காக்கை கிடைத்ததை மறைக்காது, கூவி அழைத்துத்தான் தின்னும். ஆக்கமும் அந்தக் குணம் உள்ளவர்களுக்கே என்று குறள் முடிகிறது. காக்கையின் மனம் எப்படி என்று வள்ளுவர் ஆராயவில்லை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஊர்க் கூட்டத்தில் புதுப் பாதை பற்றிய பேச்சு. ஒருவர் எழுந்து, “அந்தப் பாதை ஓரத்துல எனக்கும் கொல்லை இருக்குங்க. பாதை வந்தா என் நிலத்துக்கும் விலை ஏறும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க” என்கிறார். அவர் உள்ளம் தூய்மையானதா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. ஆதாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அவர் யோசனை நல்லதா கெட்டதா என்று ஊர் நிம்மதியாகப் பேசலாம். இதையே சொல்லாமல் விட்டு, பிறகு பத்திரம் வெளியே வந்தால், அவர் நல்ல எண்ணத்தில் சொன்னதும் சேர்ந்தே கெட்டுப்போகும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 184ஆம் பிரிவு இயக்குநர்களிடம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: பேசப்படும் ஒப்பந்தத்தில் உனக்குப் பங்கு இருந்தால் கூட்டத்தில் சொல்லிவிடு.

எழுதும்போது ‘கரவின்றி’ என்று வினையடையாக வைத்தால் எளிதாக உட்காரும்: கரவின்றிப் பேசினார், கரவின்றிச் சொல். வீட்டுப் பேச்சில் இது ஒட்டாது. அங்கே ‘ஒளிவுமறைவு இல்லாம’ இருக்கவே இருக்கிறது. ஒரு எழுத்து விஷயம்: இதற்கு இடையின ரகரம். வல்லின றகரத்தோடு வரும் ‘கறுவு’ வேறு சொல், மனத்தில் வைத்திருக்கும் வன்மம்.