ஸ்டீரியோடைப்: ஈயத்தில் வார்த்த சொல்

சினிமா விமர்சனம் படிக்கிறவர்கள் வாரத்துக்கு நாலு தடவையாவது இந்தச் சொல்லைக் கடந்துதான் போகவேண்டும். "அம்மா கேரக்டர் ரொம்ப ஸ்டீரியோடைப்பா இருக்கு", "வடசென்னைன்னாலே ரவுடின்னு ஸ்டீரியோடைப் பண்ணிட்டாங்க". பொருள் எல்லாருக்கும் புரிகிறது: ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று முன்கூட்டியே செய்து வைத்த உருவம். தமிழில் சொல்லச் சொன்னால் மட்டும் ஆளுக்கொரு சொல் வருகிறது. இது பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பிறந்த இடம் அச்சகம். கிரேக்கத்தில் ஸ்டீரியோஸ் என்றால் கெட்டியானது, டைப்போஸ் என்றால் அழுத்திப் பதித்த அச்சு. பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோவுக்கும் இதே வேர்தான். ஒலிக்கு ஆழம் கொடுத்த சொல் மனிதர்களைத் தட்டையாக்கவும் போனது ஒரு வேடிக்கை.

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கம் செய்த காலம். அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த வேலை நடக்கும். அதே புத்தகத்துக்கு மறுபதிப்பு வந்தால் முதலிலிருந்து கோக்கவேண்டும், கோக்கும்போது புதுப் பிழைகள் வரும். இதற்கு ஒரு வழி கண்டார்கள். கோத்த பக்கத்தின் மேல் சாந்தையோ, பிற்காலத்தில் ஈரக் காகித அட்டையையோ அழுத்தி ஓர் அச்சு எடுப்பது, அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றி முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக வார்ப்பது. எழுத்துகளுக்கு உடனே விடுதலை, தகடு அலமாரிக்குப் போய்விடும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடின்பரோ பொற்கொல்லர் வில்லியம் கெட் இப்படித் தகடு வார்த்துப் பார்த்தார். எழுத்துக் கோப்பவர்கள் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அவருக்குக் குழி பறித்ததாக ஒரு கதை உண்டு. ஸ்டீரியோடைப் என்ற பெயரைப் பரப்பியவர் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மின் தீதோ. 1795இல் அவர் மடக்கை (லாகரிதம்) அட்டவணைகளை அச்சிட்டபோது, ஒரு இலக்கம் இடம் மாறினாலும் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும் என்பதால், திருத்தி முடித்த பக்கத்தை அசையவிடாமல் கெட்டியாக்கினார். எண்களுக்கு இது அருமையான ஏற்பாடு. மனிதர்களுக்கு?

'கிளிஷே'யும் இதே தகட்டுக்குப் பிரெஞ்சு அச்சகத்தில் வழங்கிய பெயர்தான். அதைத் தமிழில் தேய்வழக்கு என்று அழகாகச் சொல்லிவிட்டோம், இதற்குத்தான் தவிக்கிறோம்.

அச்சகத்திலிருந்து சமூகத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், 1922இல், பொதுமக்கள் கருத்தைப் பற்றிய தன் நூலில். நாம் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை, பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்றார். இதை அவர் வெறும் கெட்ட புத்தியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க யாருக்கும் நேரமோ தெம்போ கிடையாது, தலைக்குள் தயாராக இருக்கும் படம் வேலையை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவுதான். தகடு செய்ததும் அதைத்தானே.

இங்கேதான் ஊடகம் வருகிறது. எந்த ஊடகத்துக்கு நேரம் குறைவோ அது தகட்டை அதிகம் நம்பும். அரை நிமிட விளம்பரத்தில் குடும்பம் என்று காட்ட அடுப்படியில் ஒரு பெண், சோபாவில் பேப்பரோடு ஓர் ஆண் போதும். பிரிட்டனில் 2019 ஜூனில், தீங்கு செய்யக்கூடிய பாலினத் தகடுகளை விளம்பரத்தில் காட்டக்கூடாது என்று விதியே வந்தது. அதில் முதலில் மாட்டிய இரண்டில் ஒன்று பாலாடைக்கட்டி விளம்பரம்: சாப்பாட்டு ருசியில் மூழ்கி, உணவு சுற்றிவரும் பட்டையில் குழந்தையை மறந்துவிடும் அப்பாக்கள். இன்னொன்று கார் விளம்பரம்: ஆண்கள் விண்வெளியில் மிதக்கிறார்கள், பெண்ணோ குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாக்களைக் கேலி செய்ததும் தப்பு என்று தீர்ப்பானது எனக்குப் பிடித்திருந்தது.

வானொலிக்கு முகம் இல்லாததால் பேச்சு வழக்கே தகடு. நம் படங்களின் அடகுக் கடை சேட்டு அந்த வகைதான்: "நம்பள்கி, நிம்பள்கி" என்று ஆரம்பித்தாலே அரங்கம் சிரித்துவிடும், அவருக்குப் பெயர்கூடத் தேவையில்லை. நிஜத்தில் சவுகார்பேட்டையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பேசுவது சென்னைத் தமிழ். அந்தப் பக்கம் மட்டும் சும்மாவா? 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமியும் இழுத்துப் பேசும் இந்தியுமாக வந்த பாட்டு வாத்தியார், பல தலைமுறைக்கு 'மதராசி' என்றால் இதுதான் என்று ஆகிப்போனார்.

அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 'தி சிம்ப்சன்ஸ்' காட்டிய கடைக்காரர் அபு இன்னும் நுட்பமான கேஸ். உழைப்பாளி, புத்திசாலி, நல்லவர்தான். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளுக்கு இந்தியர் என்றால் கிட்டத்தட்ட அவர் ஒருவர்தான், குரல் கொடுத்ததோ ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரர். 2017இல் இதைக் கேள்வி கேட்டு ஓர் ஆவணப்படம் வந்தது. 2020 ஜனவரியில் இனி அந்தக் குரலைக் கொடுக்கமாட்டேன் என்று அசாரியா சொல்லிவிட்டார். தகடு நல்லதா கெட்டதா என்பதைவிட, அலமாரியில் எத்தனை தகடு இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

சரி, தமிழ்ச் சொல். 'முன்முடிவு' என்பது மனதில் இருப்பது. ஸ்டீரியோடைப் என்பது திரையில் கண்ணுக்குத் தெரியும் உருவம், இரண்டும் ஒன்றில்லை. 'பொதுமைப்படுத்தல்' அறிவியலும் செய்கிற வேலை. 'வகைமாதிரி' இலக்கிய விமர்சனத்தில் நல்ல பொருளிலேயே வழங்குகிறது, ஒரு வர்க்கத்தின் உண்மையைத் தாங்கி நிற்கும் பாத்திரம் என்று. அதைக் கெடுக்க வேண்டாம். 'வார்ப்புரு' பொருத்தம்தான், ஆனால் கணினித் தமிழில் அது டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது. சிலர் 'பிரதிநிதித்துவம்' என்ற சொல்லையும் இதற்குள் இழுக்கிறார்கள். சட்டமன்றத்தில் எத்தனை இடம் என்பதற்கு அது சரி, திரையில் எப்படிக் காட்டினார்கள் என்பதற்குச் 'சித்தரிப்பு' போதும்.

என் ஓட்டு 'அச்சுவார்ப்பு'க்கு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி என்று நாம் ஏற்கெனவே சொல்வதுதான். அச்சு வெல்லம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், எந்த வயல் கரும்பின் பாகை ஊற்றினாலும் வெளியே வருவது அதே உருவம். பாத்திர வார்ப்பு என்று எழுதிப் பழகிய கைக்கு இது ஒட்டிக்கொள்ளும்: "அம்மா பாத்திரம் வெறும் அச்சுவார்ப்பு". 'ஸ்டீரியோடைப் பண்றாங்க' என்பதற்கு 'அச்சுவார்ப்புச் செய்கிறார்கள்' என்று எழுதினால் நாக்கு சுளுக்கும். அங்கே 'எல்லாரையும் ஒரே அச்சில் ஊற்றுகிறார்கள்' என்று நீட்டியே எழுதிவிடலாம்.