ஆற்றங்கரை நிலத்துக்கு இலவச மரக்கன்று: நடுவதற்கு முன் எல்லையைப் பாருங்கள்

ஆறு வருஷா வருஷம் வயலை அறுத்துக்கொண்டு போகிறது, கரையோரம் மரம் வைக்கலாம் என்று நினைக்கும் விவசாயிக்குத் தமிழ்நாட்டில் கைக்கெட்டும் வழி பசுமைப் போர்வை இயக்கம். 2021-22-ல் வந்தது. கன்று இலவசம். பிழைத்து நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை ஆண்டுக்கு 7 ரூபாய், ஆக மொத்தம் 21 ரூபாய் ஊக்கத்தொகை. உழவன் செயலியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ பதியலாம். திட்டம் இவ்வளவுதான், சிக்கல் இனிமேல்தான்.

இது விவசாய நிலத்தில் மரம் வளர்க்கும் திட்டம். கரை காக்கும் திட்டம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால் கன்று பட்டா எல்லைக்குள் நிற்க வேண்டும். ஆற்றோரத்தில் அந்த எல்லை எங்கே என்பதுதான் வம்பு. ஆறு அறுத்த பக்கம், பட்டாவில் உள்ள நிலத்தில் பாதி தண்ணீருக்குள் கிடக்கும். ஆறு ஒதுங்கிய பக்கம், பல வருஷமாக உழுதுவந்த திட்டு ஆவணத்தில் ஆற்றுப் புறம்போக்காக இருக்கும். அங்கே எதை வைத்தாலும் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அரசு பறிமுதல் செய்யலாம். ‘கரையைக் காப்பாற்றத்தானே நட்டேன்’ என்பது எடுபடாது. பி-மெமோவுக்கு, அதாவது ஆக்கிரமிப்புக்காக வருவாய்த்துறை தரும் நோட்டீசுக்கு, பணம் கட்டிய ரசீதை உரிமைப் பத்திரம்போலப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அது ஆக்கிரமிப்பு செய்ததற்கான ரசீது, வேறொன்றுமில்லை.

ஆகவே கன்றுக்கு ஓடும் முன் பட்டா, அ-பதிவேடு (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வருவாய்த்துறை இணையதளத்திலிருந்து எடுங்கள். எல்லைக்கல்லை ஆறு கொண்டுபோயிருந்தால் இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் கையை நீட்டி ‘இதோ, இதுவரைக்கும்’ என்று காட்டிவிட்டுப் போவது எதற்கும் உதவாது. அளந்ததைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தைக் கோடையிலேயே தொடங்குங்கள். வி.ஏ.ஓ. தாலுகா ஆபீசுக்கு அனுப்புவார், அங்கிருந்து ‘வாரிசுச் சான்று எங்கே’ என்று திருப்புவார்கள். அந்த அலைச்சலுக்குள் நடவுப் பருவம் போய்விடும்.

அடுத்த பொறி, கன்றின் வகை. கேட்காமல் இருந்தால் தேக்கும் மகாகனியும்தான் கைக்கு வரும். தேக்கு தண்ணீர் தேங்கும் இடத்தில் நிற்காது. அதன் பெரிய இலையிலிருந்து சொட்டும் துளி அடியிலுள்ள வெறும் மண்ணை இன்னும் அரிக்கும். பதியும்போதே நீர்மருது, புங்கன், நாவல், மூங்கில் என்று எழுதிக் கேளுங்கள்.

மரம் மட்டும் கரையை நிறுத்தாது. ஆறு அறுப்பது அடிக்கரையை. அடி போனால் மேலே உள்ள மரம் தன் எடையாலேயே மண்ணோடு சாயும். அதனால் மர வரிசை விளிம்பிலிருந்து மூன்று மீட்டராவது உள்ளே தள்ளி. சரிவில் வெட்டிவேர், நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ., குறுக்கு வரிசையாக, இடைவெளி விடாமல். ஓர் ஓட்டை இருந்தால் தண்ணீர் அங்கேதான் பாயும். அடியில் நொச்சிப் போத்து (நட வெட்டிய கிளைத்துண்டு), கிடைக்கும் இடங்களில் ஆற்றுப்பாலைப் போத்து: கட்டைவிரல் பருமன், இரண்டு மூன்று அடி நீளம், மொட்டு மேல்நோக்கி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். தலைகீழாகக் குத்தியதும் வெட்டி இரண்டு நாள் வெயிலில் கிடந்ததும் துளிர்க்காது. இவை உங்கள் செலவு. ஆனால் இவை இல்லாமல் கன்று பிழைக்காது, பிழைக்காத கன்றுக்கு ஏழு ரூபாயும் கிடையாது. வெள்ளம் அடித்துப்போனது என்ற காரணத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சரிவும் அடிக்கரையும் புறம்போக்கில் இருந்தால் நீர்வளத்துறையிடம் எழுத்தில் அனுமதி கேட்காமல் கை வைக்காதீர்கள், கரையைச் சரித்துவிட ஜேசிபியும் கூப்பிடாதீர்கள். மண் அள்ளியதாக வழக்கு வரும்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே வேர் பிடித்திருக்க வேண்டும். ‘ஒதுக்கீடு வரவில்லை, அப்புறம் வாருங்கள்’ என்று இழுத்து, மழை முடிந்த மாதத்தில் கன்றைக் கொடுத்தால் வாங்கி ஆற்றோரத்தில் வைக்காதீர்கள். உள்வரப்பில் வையுங்கள், எண்ணிக்கையில் அதுவும் சேரும். நட்ட அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள்.

கன்று தராமல் வாய்ச்சொல்லில் மறுத்தால் மனுவை எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவின் நகலைக் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில், மூன்றே கேள்வி: இந்த ஆண்டு எங்கள் வட்டாரத்துக்கு வந்த கன்று எத்தனை, வகைவாரியாக யாருக்கு எத்தனை கொடுத்தீர்கள், என் பதிவு எந்த நிலையில் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும்.