எடிட்டர் – படத்தொகுப்பாளர்

மௌனப்படக் காலத்து ஹாலிவுட்டில் எடிட்டரைப் பெரும்பாலும் ‘கட்டர்’ என்றே கூப்பிட்டார்கள். வெட்டுபவர், அவ்வளவுதான். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், கத்தரிப்பார், பசை வைத்து ஒட்டுவார். 1924இல் மூவியோலா இயந்திரம் வந்த பிறகுதான் ஓடும் படத்தைப் பார்த்தபடி வெட்ட வழி பிறந்தது.

‘எடிட்டர்’ புத்தக உலகிலிருந்து சினிமாவுக்கு வந்த சொல். மூலம் லத்தீன்; வேருக்கு ‘வெளியே கொடு’ என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் நூலை வெளியிடுபவரைக் குறித்தது, பிறகு செம்மை செய்பவரை. ‘எடிட்’ என்ற வினை, ‘எடிட்டர்’ புழக்கத்துக்கு வந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தே அதிலிருந்து பிறந்தது என்பது ஒரு வேடிக்கை.

வெட்டுவதற்கு மேல் இந்த வேலையில் என்ன இருக்கிறது? ஹாலிவுட் எடிட்டர் ராபர்ட் பாரிஷைப் பார்த்தால் தெரியும். 1916இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர், சிறுவனாகவே மௌனப்படங்களில் தலைகாட்டினார். 1931இல் வெளியான சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில், தெருமுனையில் நின்று நாயகனைக் குழலில் பட்டாணி வைத்து ஊதி அடிக்கும் பேப்பர் பையன்கள் இருவரில் ஒருவர் இவர். அப்புறம் இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களில் உதவியாளராகவும் ஒலி எடிட்டராகவும் தொழில் பழகினார்.

1942இல் ஃபோர்ட் எடுத்த ‘தி பேட்டில் ஆஃப் மிட்வே’ என்ற 18 நிமிடப் போர் ஆவணப்படத்தைத் தொகுத்தவர்களில் பாரிஷும் உண்டு. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸ் தெரியும் சில அடி ஃபிலிமைக் கடைசி நேரத்தில் கொடுத்து, மடிந்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தும் காட்சியில் சேர்க்கச் சொன்னார் ஃபோர்ட். வெள்ளை மாளிகையில் படம் ஓடும்போது பேசிக்கொண்டே இருந்த அதிபர், அந்த ஷாட் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாராம். பாரிஷ் தம் நினைவுநூலில் சொல்லும் கதை இது. ஒரு துண்டை எங்கே வைப்பது என்பதிலும் எடிட்டிங் இருக்கிறது, இல்லையா? குத்துச்சண்டைப் படமான ‘பாடி அண்ட் சோல்’ (1947) அவருக்கும் ஃபிரான்சிஸ் லயனுக்கும் சேர்த்து ஆஸ்கர் வாங்கித் தந்தது. 1951இல் இயக்குநராகிவிட்டார்.

சரி, தமிழில்? ‘வெட்டி ஒட்டுபவர்’ என்றால் ஏளனமாகப் படும். வழக்கில் இருக்கும் ‘படத்தொகுப்பாளர்’ நல்ல சொல். தொகுத்தல் என்றால் சேர்ப்பது மட்டும்தானே, வெட்டுவது எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி, வழிநூலின் (முதல்நூலைப் பின்பற்றி எழுதும் நூல்) வகைகளைச் சொல்லும்போது “தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து” என்கிறது. அங்கே தொகுத்தல் என்பது விரிந்து கிடப்பதைச் சுருக்கிச் சொல்வது. ஆக, சேர்ப்பது, சுருக்குவது இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘கட்டர்’, ‘எடிட்டர்’ இரண்டையும்விடப் பொருத்தமானது இதுதான் என்பேன்.

ஒரு சிக்கல் உண்டு. தொலைக்காட்சியில் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு போகிறவரையும் ‘தொகுப்பாளர்’ என்கிறோம். அதனால் சினிமாவைப் பற்றி எழுதும்போது ‘படத்தொகுப்பாளர்’ என்று முழுதாக எழுதுவது நல்லது. ஒலிக்கு ‘ஒலித்தொகுப்பாளர்’. பத்திரிகை எடிட்டருக்கு ‘ஆசிரியர்’, சுவடிகளை ஒப்பிட்டு அச்சில் ஏற்றுபவருக்குப் ‘பதிப்பாசிரியர்’ என்று முன்பே பெயர் இருக்கிறது.