நுவெல் வாக்: ழான் மோரோ நடந்து வந்த அலை

நுவெல் வாக் (பிரெஞ்சு, பெயர்ச்சொல்). தமிழில்: புதிய அலை.

1950களின் கடைசியில் பிரான்சில் கிளம்பிய ஒரு திரைப்படப் போக்கின் பெயர். இளம் இயக்குநர்கள், கையடக்கச் செலவு, ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு இறங்கிய கேமரா என்று விளக்குவார்கள். விளக்கம் சரிதான். ஆனால் இந்தத் தொடர் பிறந்தபோது சினிமாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1957இல் 'லெக்ஸ்பிரஸ்' வார இதழ், பிரெஞ்சு இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்தியது. அந்தத் தலைமுறைக்கு இதழாசிரியர் பிரான்சுவாஸ் ழிரூ வைத்த பெயர்தான் நுவெல் வாக். 1958இல் பியேர் பில்லார் என்ற விமர்சகர் அதை இளம் இயக்குநர்களுக்கு எடுத்துச் சூட்டினார். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் அவர்களில் ஒருவரான த்ருஃபோ சிறந்த இயக்குநர் விருது வாங்கியதும் பெயர் சினிமாவோடு ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் இப்போது யாருக்கும் நினைவில் இல்லை.

வேரைப் பார்த்தால், 'நுவெல்' லத்தீனில் புதியது என்று பொருள்படும் சொல்லின் வழிவந்தது. நம் 'நாவல்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். நாவலுக்குத் தமிழில் 'புதினம்' என்று பெயர் வைத்தவர்களும் புதுமையிலிருந்தே தொடங்கினார்கள். பிரெஞ்சில் இதன் பன்மைக்குச் செய்தி என்றும் பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'என்ன புதினம்?' என்று கேட்பதும் அதுதானே! 'வாக்' என்றால் அலை. வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. தெளிவற்ற என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் இதே எழுத்துகளில் (vague) இருப்பதால் பலர் 'வேக்' என்று படித்துவிடுகிறார்கள். அது வேறு சொல், வேறு வேர்.

சரி, நடிகை ழான் மோரோவுக்கு வருவோம். 'புதிய அலையின் முகம்' என்று அவரைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் தவறாமல் சொல்லும். ஆனால் அலை வந்தபோது அவர் புதியவரே இல்லை. 1928இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா உணவகம் நடத்தியவர், அம்மா இங்கிலாந்திலிருந்து வந்த நடனக்காரர். மகள் நடிக்கப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவரோ இருபது வயதை ஒட்டியே நாட்டின் பெருமைமிக்க நாடக நிறுவனமான கொமெதி ஃபிரான்செஸில் சேர்ந்துவிட்டார். 1949 முதல் சினிமாவிலும் நடித்தார். மேடையில் பெரிய பெயர். திரையிலோ கனத்த ஒப்பனையோடு வந்துபோகும் பல முகங்களில் ஒன்று.

அதை மாற்றியவர் இயக்குநர் லூயி மால். அவருக்கு அப்போது இருபத்தைந்தை ஒட்டிய வயதுதான். 1958 தொடக்கத்தில் வெளியான 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' படத்தில், காதலனைத் தேடி மோரோ இரவில் பாரிஸின் ஷான்செலிசே சாலையில் நடக்கிறார். தனி விளக்கு கிடையாது. கடைக் கண்ணாடிகளிலிருந்து விழும் வெளிச்சம் மட்டும். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாய், குறைந்த ஒளியிலும் படம் பிடிக்கும் ஃபிலிமைப் போட்டு, கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார். ஒப்பனை பூசாத முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம், தானாகப் பேசிக்கொள்ளும் உதடுகள். நடிகையை இப்படியா காட்டுவது என்று ஃபிலிம் கழுவும் லேபில் கொதித்துப்போனார்கள் என்று மால் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நடைக்கு அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸ், திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே டிரம்பெட் வாசித்தார். என்னைக் கேட்டால் புதிய அலை என்றால் என்ன என்பதற்கு அந்தச் சில நிமிடங்களைவிட நல்ல விளக்கம் கிடையாது. மால் புதிய அலைக் குழுவைச் சேர்ந்தவரே அல்ல என்று வாதிடும் தூயவாதிகளும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

அப்புறம் 'ழூல் எ ஜிம்', 1962, இயக்கம் த்ருஃபோ. மீசை வரைந்து, தொப்பி மாட்டி, ஆண் வேடத்தில் இரண்டு நண்பர்களோடு பாலத்தில் ஓட்டப் பந்தயம் விடுவார் மோரோ. சொன்ன எண்ணிக்கைக்கு முன்பே ஓடத் தொடங்கி ஜெயித்தும் விடுவார். இதற்கிடையில் 1960இல் கானில் சிறந்த நடிகை விருது. மோரோ நடிக்க மால் எடுத்த 'காதலர்கள்' படத்தை, ஆபாசம் என்ற குற்றச்சாட்டில், திரையிட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒஹாயோ தியேட்டர் மேலாளரை 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பிறகு மோரோவே படங்களும் இயக்கினார். 2017இல் 89 வயதில் பாரிஸில் இறந்தார்.

தமிழில் எப்படி எழுதுவது? ஜப்பானியர்கள் ஒலியை அப்படியே வாங்கி 'நூபேரு பாகு' என்றார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. 'நவீன அலை' என்று சிலர் எழுதுவது பொருந்தாது, மூலத்தில் நவீனம் இல்லை. புத்தாண்டு, புத்தாடை போல இலக்கணப்படி 'புத்தலை' என்று சேர்க்கலாம்; ஆனால் படிப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது 'தலை'தான். புதிய அலை என்பதே போதும். மற்ற நாடுகளின் படங்களுக்கும் இதே பெயர் புழங்குவதால் முன்னால் 'பிரெஞ்சு' சேர்த்துக்கொள்வது நல்லது. மோரோவைக் குறிக்கும்போது 'புதிய அலை தந்த நடிகை' என்று எழுத வேண்டாம். 'புதிய அலைப் படங்களில் நடித்தவர்' என்பதே சரி.