ஓவிய ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஓவியம்: தொடக்கப்பள்ளியில் கலைக்கு உள்ள விதியும் மதிப்பீடும்

தொடக்கப்பள்ளியின் கால அட்டவணையைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், ‘ஓவியம்’ என்று எழுதியிருக்கும். அந்த நேரம் வரும்போது கணக்கில் இரண்டு பக்கம் பாக்கி இருக்கும். கணக்கே வெல்லும். வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. நேரம் மிஞ்சினால் கிடைக்கிற சலுகைதான் ஓவியம் என்று நாமும் பழகிவிட்டோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதன் 29ஆம் பிரிவு வரையறுக்கிறது. குழந்தையின் எல்லாப் பக்க வளர்ச்சியும் கணக்கில் வர வேண்டும். செய்து பார்த்தும் தேடிக் கண்டுபிடித்தும் கற்க வேண்டும். பயமோ பதற்றமோ இல்லாமல் தன் எண்ணத்தைச் சொல்லக் குழந்தைக்கு உதவ வேண்டும். மதிப்பீடு தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். ஓவியம், இசை என்ற பெயர்கள் இந்தப் பிரிவில் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஆறு வயதுக் குழந்தை தன் எண்ணத்தை எதைக் கொண்டு சொல்லும்? எழுத்து கைக்கு வருமுன்பே கோடும் பாட்டும் வந்துவிடுகின்றன.

கலைக்கல்வி என்ற பெயர் சட்டத்தின் அட்டவணையில் வருகிறது, ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கு மட்டும். அந்த வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால் கலை, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று பகுதிநேர ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் நியமிக்கப்பட்டது இதை ஒட்டித்தான். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அட்டவணை சொல்வது தலைக்கணக்கு மட்டுமே: 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4. ஆகவே தொடக்கப்பள்ளியில் ஓவிய ஆசிரியர் யார் என்றால், தமிழும் கணக்கும் நடத்துகிற அதே வகுப்பாசிரியர்தான். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சிற்றூர்ப் பள்ளியில் வெள்ளிக்கிழமைப் பாடவேளை காணாமல் போவதில் வியப்பில்லை.

பொருளுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. அரசு தரும் விலையில்லாப் பொருள்களில் வண்ணப் பென்சிலும் கிரையானும் உண்டு. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்பறைச் சுவர்களின் அடியில் குழந்தைகளின் உயரத்துக்கு அடித்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. சிறு வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பாட்டு, கதை, பொம்மை என்றுதான் பாடத்துக்குள் நுழைகிறது. களிமண்ணுக்கு யாரிடமும் நிதி கேட்க வேண்டாம், ஊர்க் குளத்தங்கரையில் கிடைக்கும்.

சிக்கல் மதிப்பீட்டில்தான். தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வாக வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பிரிப்பு பாடங்களுக்கு உரியது. கலை அந்த 100க்குள் அடங்காது. கல்வி இணைச் செயல்பாடுகளில் சேரும். ஆனால் வளரறி மதிப்பீட்டுக்கான செயல்பாடுகளில் படம் வரைதலும் நடித்துக் காட்டுதலும் அடிக்கடி வரும். இங்கேதான் ஒரு குழப்பம். தாவரத்தின் பாகங்களை வரையச் சொன்னால் பார்க்க வேண்டியது வேர் எங்கே, தண்டு எங்கே என்று குழந்தைக்குத் தெரிகிறதா என்பது. இலைக்கு அழகாக வண்ணம் தீட்டியதற்கு அறிவியலில் மதிப்பெண் போடக் கூடாது. அப்பா இரவெல்லாம் விழித்துச் செய்த தெர்மாகோல் எரிமலைக்கு எதிலுமே போடக் கூடாது.

கலையைக் கலையாக மதிப்பிடுவது எப்படி? எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு படம் கிடைக்கும்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே குடிசை, பக்கத்தில் தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். மலையே இல்லாத காவிரிக்கரை ஊரிலும் இதே மலைதான். பலகையில் ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து முப்பது குழந்தைகளும் வரைந்தால், அளக்க முடிவது யாருக்குக் கை நடுங்கவில்லை என்பதை மட்டும்தான்.

‘நேற்று மழை வந்தபோது நீ எங்கே இருந்தாய், அதை வரை’ என்று சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பேருந்து வரைந்தாள். நான்கு சக்கரங்களும் ஒரே பக்கத்தில். வெளிச்சுவரும் தெரிகிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் காலும் தெரிகிறது. அவளுடைய பாட்டி ஓட்டுநரைவிட இரண்டு மடங்கு பெரியவள். அந்த வயதில் இது தவறே இல்லை. கண் பார்ப்பதைவிடத் தனக்குத் தெரிந்ததைக் குழந்தை வரைகிறது. யார் முக்கியமோ அவர் பெரிதாகிறார். சிவப்பு மை எடுத்துச் சக்கரத்தைத் திருத்துகிறவர் அவள் சொல்ல வந்ததை அழிக்கிறார். (நானும் ஆரம்ப ஆண்டுகளில் திருத்தியவன்தான்.)

பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதினால் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது. ‘பேருந்துக்குள் ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் வேறு முகம். கூரை ஏன் ஊதா என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றாள். சென்ற மாதம் மனிதர்கள் எல்லோரும் குச்சிகளாக இருந்தார்கள்’ என்று எழுதலாம். இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன: எதை முயன்றாள், அதைப் பற்றி என்ன சொன்னாள், முன்பிருந்து என்ன மாறியது. பக்கத்துப் பெண்ணின் படத்தோடு ஒப்பிடவே இல்லை. முப்பது பேருக்கும் ஒரே நாளில் எழுத யாராலும் முடியாது. நாளுக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். படத்தின் பின்னால் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்ப்பதுதான் மிச்ச வேலை.

பாட்டிலும் இப்படித்தான். இனிய குரல் பிறவியில் வருவது, அதற்குக் குறியீடு போட ஆசிரியர் யார்? குழந்தை எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறதா, கைதட்டு தாளத்தில் விழுகிறதா, வேகத்தைக் கூட்டினால் கூடவே வருகிறதா என்று பார்த்தால் போதும். நடிப்பில், அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பதும் கவனித்து எழுதத் தக்க ஒன்றே.

கலைத் திருவிழாவை மதிப்பீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022-23இல் அரசுப் பள்ளிகளின் பெரிய வகுப்புகளுக்குத் தொடங்கிய அந்தப் போட்டிகளில் 2024-25இல் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளும் சேர்க்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் மாறுவேடத்துக்கு வகுப்பில் ஒருவரைத் தேர்ந்து மூன்று வாரம் பயிற்சி கொடுத்தால், மற்ற இருபத்தொன்பது பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். 29ஆம் பிரிவு அந்த இருபத்தொன்பது பேருக்கும் சேர்த்து எழுதப்பட்டது.

பெற்றோர் என்ன கேட்கலாம்? பெற்றோரைத் தவறாமல் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுதான். கலைப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே பேசலாம், தீர்மானமும் போடலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு, ஜூன் மாதம் வரைந்த ஒரு படத்தையும் பிப்ரவரியில் வரைந்த ஒரு படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஜூன் மாதப் படம் கோப்பில் இல்லை என்றால், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் அது.