வேடிக்கை பார்ப்பவருக்குப் போகும் லாபம்

மதுரையில் ஒரு மொட்டைமாடி. நான்கு நண்பர்கள் போக்கர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்தயம் கட்டும் சிப்புக்குப் பதில் புளியங்கொட்டை, ஆளுக்கு 25. கொட்டை தீர்ந்தவர் வெளியேற வேண்டும். பரிசு, விளக்குத்தூண் பக்கம் போய் 10 கிளாஸ் ஜிகர்தண்டா: முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 2. நான்காமவருக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற மூவருக்கும் பரிசு உறுதி. இந்தக் கட்டத்துக்குத்தான் பபுள் என்று பெயர்.

கார்த்தி 25 கொட்டையையும் நடுவில் தள்ளி ஆல்-இன் சொல்கிறான், அதாவது இருப்பதையெல்லாம் பந்தயம் கட்டுகிறான். முத்து அதற்கு ஈடாகத் தன் 25ஐயும் வைத்து 'கால்' சொல்வதா, சீட்டை மடக்கி ஒதுங்கிவிடுவதா?

கொட்டையை மட்டும் எண்ணினால் விடை சுலபம். 25 வைத்தால் 50 வரும். ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால் போதும். (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் தொகை சிறியது, விட்டுவிடலாம்.) ஆனால் பரிசு கொட்டையில் இல்லையே. கொட்டையை ஜிகர்தண்டாவாக மாற்றிப் பார்க்கும் கணக்குக்கு ஐசிஎம் (Independent Chip Model) என்று பெயர். உங்களிடம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் சிப் இருக்கிறதோ, முதலிடம் வரும் வாய்ப்பும் அத்தனை சதவீதம். முதலாமவரை விலக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்களுக்குள் அதே விகிதத்தில் இரண்டாமிடம், அப்புறம் மூன்றாமிடம். குதிரைப் பந்தயத்துக்குப் பயன்பட்ட இந்தச் சூத்திரத்தை புள்ளியியலாளர் ஹார்வில் 1973இல் வெளியிட்டார். போக்கர் நூலாசிரியர் மேசன் மால்முத் 1987இல் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

முத்து மடக்கினால் அவன் பங்கு, அதாவது சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய பரிசு, 2.5 கிளாஸ். கால் சொல்லி ஜெயித்தால் கொட்டை இரட்டிப்பாகும், பங்கோ 3.83தான். தோற்றால் பூஜ்யம். 2.5ஐ 3.83ஆல் வகுத்தால் 65% வருகிறது. அந்த அளவு வாய்ப்பு இல்லாமல் கால் சொல்வது நஷ்டம்.

மோதுவதற்கு முன் இருவர் பங்கும் சேர்ந்து 5, மோதிய பின் 3.83. குறைந்த 1.17 கிளாஸ் எங்கே போனது? ஓரமாக உட்கார்ந்திருக்கும் செல்வத்துக்கும் பாண்டிக்கும். ஒரு சீட்டும் இறக்காமலே அவர்கள் பங்கு தலா 2.5இலிருந்து 3.08 ஆகிவிட்டது. இந்தக் கணக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். மோதலில் யார் ஜெயித்தாலும், மோதிய இருவரின் மொத்தப் பங்கு குறைகிறது.

முத்துவின் கையில் வெவ்வேறு சின்னத்தில் ஏஸும் கிங்கும் இருக்கட்டும். கார்த்தி சீட்டையே பார்க்காமல் தள்ளியிருந்தாலும், முத்து ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 65%. அதாவது, சரியாக விளிம்பு. கார்த்தி கொஞ்சமாவது பார்த்துத் தேர்ந்து தள்ளுகிறவன் என்றால் மடக்குவதே சரி. இதனால் முதலில் தள்ளுகிறவருக்குப் பலம் கூடுகிறது. எதிராளி மடக்கியாக வேண்டிய சீட்டுகள் அதிகம் அல்லவா?

யார் திறமையானவர், யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் ஐசிஎம்முக்குத் தெரியாது. அதை ஆடுபவர்தான் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேசையில் ஒருவர் நொடிந்துபோய் இருந்தால், அதைக் கணக்கு நன்றாகவே காட்டும். முத்துவிடமும் கார்த்தியிடமும் 30, செல்வத்திடம் 35, பாண்டியிடம் வெறும் 5 என்று மாற்றிப் போடுங்கள். முத்துவுக்குத் தேவையான வாய்ப்பு 73% ஆகிறது. பாண்டி எந்த நேரமும் வெளியேறக்கூடும் என்பதால், காத்திருப்பதற்கே விலை கூடிவிட்டது. இப்போது கார்த்தி கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும், அந்த ஏஸும் கிங்கும் போதாது.